அசையாத அசைபடம்: தொடக்கநிலைச் செய்நிரல்களில் வழு தேடும் வழி

அசையும் படமொன்றைத் திரையில் ஓட்டிப் பார்ப்பது, செய்நிரலாக்கம் பழகத் தொடங்குவோர் பலருக்கு முதல் மாதத்திலேயே வரும் ஆசை. அதில் இடறி விழுவதும் பெரும்பாலும் அதே மாதத்தில்தான். சாளரம் திறக்கும், படம் வராது. படம் வரும், அசையாது. அசையும், ஒரே சுற்றோடு நின்றுவிடும். சில வேளை பேய் பிடித்ததுபோல் ஓடும், ஓட ஓடக் கணினியும் திணறும். வெளியே தெரியும் இந்தக் கோளாறுகள் நான்கைந்துதான். உள்ளே இருக்கும் காரணங்கள் இருபதைத் தாண்டும். ஒரே காய்ச்சலுக்குப் பல நோய்கள் காரணமாக இருப்பதுபோல, ‘படம் ஓடவில்லை’ என்ற ஒரே முறைப்பாட்டுக்குப் பின்னால் கோப்பு, பாதை, நூலகம், நினைவகம், கடிகாரம் என்று வெவ்வேறு இடங்களில் பிழை இருக்கக்கூடும்.

இலங்கையில் க.பொ.த. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் பைதன் கற்பிக்கப்படுகிறது. சாதாரண தரத்தில் பஸ்கால் இடம்பெறுகிறது. அதற்கும் கீழ் வகுப்புகளில் ஸ்க்ராட்ச் அறிமுகமாகிறது. ஹட்டன், டிக்கோயா, நோர்வூட் வட்டாரத் தமிழ்மொழி மூலப் பாடசாலைகளுக்கும் இதே பாடத்திட்டம்தான். டிக்கோயாவைச் சேர்ந்த மாணவரொருவர், கொழுந்து தேயிலைத் தூளாக மாறும் கதையைச் சொல்லும் சிறு செய்நிரலொன்றை எழுதுகிறார் என்று கொள்ளலாம். மலையில் கொழுந்து பறித்தல், மடுவம் என்னும் நிறுவைக் கொட்டகையில் எடை பார்த்தல், தொழிற்சாலையில் வாட்டுதல், உருட்டி அரைத்தல், நிறம் மாறவிடுதல், உலர்த்துதல், சலித்துத் தரம் பிரித்தல் என ஏழு காட்சிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு அசைபடம். பொத்தானை அழுத்தினால் அடுத்த காட்சி வரவேண்டும். தொடக்கநிலைக்கு ஏற்ற திட்டம்தான். ஆயினும் அசைபடம் தொடர்பான வழுக்களில் முக்கால்வாசி இதற்குள்ளேயே முளைக்க இடமுண்டு.

கோளாறுகளை வகைப்படுத்துமுன் அசைபடக் கோப்பு என்பது என்னவென்று பார்க்க வேண்டும். மாணவர் கையில் பெரும்பாலும் இருப்பது ஜிஃப் வகைக் கோப்பு. அமெரிக்காவின் கொம்பியூசேர்வ் நிறுவனத்தில் ஸ்டீவ் வில்ஹைட் தலைமையிலான குழு 1987இல் உருவாக்கிய வடிவம் இது. அக்காலத் தொலைபேசி இணைப்புகளின் மந்த வேகத்தில் வண்ணப் படங்களை அனுப்புவதே அதன் நோக்கம். 1989இல் வந்த 89ஏ பதிப்பில் ஒவ்வொரு சட்டகத்துக்கும் (அடுக்கிலுள்ள ஒவ்வொரு தனிப் படத்துக்கும்) தாமத நேரம், ஒளிபுகும் நிறம், சட்டகம் காட்டி முடிந்தபின் அதை என்ன செய்வது என்ற குறிப்பு ஆகியவை சேர்ந்தன. அசைவுக்கு வேண்டிய உறுப்புகள் எல்லாம் வந்துவிட்டன. ஆனாலும் இந்த வடிவம் அசைபடத்துக்கான தளமாகக் கருதப்படவில்லை, ஓரளவுக்கு மட்டுமே அப்படிப் பயன்படுத்த முடியும் என்று அந்த விவரக்குறிப்பே சொல்லி வைத்தது. படம் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடவேண்டும் என்ற கட்டளைக்கு அதில் இடமே இருக்கவில்லை. 1990களின் நடுப்பகுதியில் நெட்ஸ்கேப் உலாவி தன் 2.0 பதிப்பில் அதற்கென ஒரு நீட்சியைச் சேர்த்தது. இன்றைய ஜிஃப் கோப்புகளுக்குள்ளும் அந்த நிறுவனத்தின் பெயர் பொறிக்கப்பட்டிருப்பது அதனால்தான். நிறுவனம் மறைந்துவிட்டது, பெயர் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஆக, ஜிஃப் கோப்புக்குள் இருப்பவை இரண்டு: அடுக்கி வைத்த படங்கள், ஒவ்வொரு படமும் எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்ற குறிப்பு. கோப்பு தானாக ஓடுவதில்லை. குறிப்பை வாசித்து, நேரம் பார்த்து, படத்தை மாற்றுவதற்கு ஒருவர் வேண்டும். இணைய உலாவியில் அந்த வேலையை உலாவியே செய்துவிடுகிறது. விஷுவல் பேசிக் டொட்நெட்டின் படப்பெட்டியும், ஜாவாவில் படச்சின்னம் பொருத்திய சிட்டையும் (லேபிள்) அப்படியே. பைதனின் சாளர நூலகமான டிகின்டரிலும் விளையாட்டு நூலகமான பைகேமிலும் அந்த வேலையைச் செய்ய யாரும் இல்லை, எழுதுபவரே செய்யவேண்டும். உலாவியில் ஓடிய படத்தைக் கொண்டுவந்து டிகின்டரில் போட்டுவிட்டு, அது சிலைபோல் நிற்பதைக் கண்டு திகைக்கும் மாணவர் செய்த தவறு ஒன்றுமில்லை. கடிகாரம் யார் கையில் இருக்கிறது என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். இந்தக் கட்டுரையில் வரும் கோளாறுகளில் பாதி அந்தக் கேள்வியையே சுற்றி வருகின்றன.

ஆனாலும் கடிகாரத்தைத் தொடுமுன் கோப்பைச் சோதிப்பதுதான் சரியான வரிசை. செய்நிரலில் மணிக்கணக்காகக் கைவைத்த பிறகு, கோப்பே அசைபடம் அல்ல என்று கண்டுபிடிப்பது மிகப் பழகிப்போன கதை. மலைநாட்டில் மட்டுமல்ல, எங்கும் இன்று படங்கள் கைமாறுவது பெரும்பாலும் வட்ஸ்அப் வழியாகத்தான். அங்கே ஜிஃப் என்ற பெயரில் ஓடுவது உண்மையில் எம்பி4 வகைக் காணொளி. அதைச் சேமித்து, கோப்புப் பெயரின் வாலை மட்டும் மாற்றினால் உள்ளிருப்பது மாறிவிடாது. டிகின்டர் அதைத் திறக்க மறுத்து, படக்கோப்பிலுள்ள தரவை அடையாளம் காண முடியவில்லை என்ற பொருளில் வழுச்செய்தி தரும். மாணவர் அந்தச் செய்தியைத் தம் வரிகளில் பிழை என்று வாசித்துவிடுகிறார்.

கூகுள் தேடலில் கிடைக்கும் படத்தை அப்படியே சேமிப்பதிலும் இதே ஆபத்து. தேடல் பக்கத்தில் தெரிவது பெரும்பாலும் சிறு முன்னோட்டம்; அசைவில்லாத ஒற்றைப் படமாகவோ வெப்பி வகையாகவோ சேமிக்கப்படலாம். விண்டோஸின் பெயின்ட் செயலியில் ஜிஃப் கோப்பைத் திறந்து, ஓரத்தை வெட்டி, மறுபடி சேமித்தாலும் முதல் சட்டகம் மட்டுமே மிஞ்சும். அசைவு முழுவதும் போய்விட்டிருக்கும், பெயர் மட்டும் அப்படியே இருக்கும். அதைவிடச் சிறியதும் கண்ணுக்குத் தப்புவதுமான பிழை இன்னொன்று உண்டு. விண்டோஸ் கோப்புப் பெயரின் வாலை வழக்கமாக மறைத்து வைக்கிறது. ‘கொழுந்து.ஜிஃப்’ என்று மாணவர் பெயரிட்ட கோப்பு உண்மையில் ‘கொழுந்து.ஜிஃப்.ஜிஃப்’ ஆகவோ ‘கொழுந்து.ஜிஃப்.எம்பி4’ ஆகவோ இருக்கக்கூடும். கோப்பு உலாவியின் காட்சி அமைப்பில் பெயர் நீட்சியைக் காட்டும் தெரிவை இயக்கிவிட்டால் இந்தச் சந்தேகம் அரை நிமிடத்தில் தீரும்.

கோப்பின் உண்மையான வகையை அறிய மலிவான வழி அதன் தொடக்கத்தை வாசிப்பது. நோட்பேடில் திறந்தால் பெரும்பகுதி குப்பையாகத் தெரியும். முதல் ஆறு எழுத்துகள் மட்டும் தெளிவாக இருக்கும். ஜிஃப் என்றால் ஜி, ஐ, எஃப் என்ற ஆங்கில எழுத்துகளும் 89ஏ அல்லது 87ஏ என்ற பதிப்புக் குறியும் வரும். 87ஏ என்றிருந்தால் அதில் தாமதக் குறிப்புக்கு இடமே இல்லை. வெப்பி கோப்பு ‘ரிஃப்’ என்று தொடங்கும். எம்பி4இல் ஐந்தாவது எழுத்திலிருந்து எஃப், டி, வை, பி என்ற நான்கும் தெரியும். கோப்பை உலாவிச் சாளரத்துக்குள் இழுத்துப் போட்டுப் பார்ப்பது அடுத்த சோதனை. உலாவியில் அசையாத ஜிஃப் எந்தச் செய்நிரலிலும் அசையப்போவதில்லை. விண்டோஸ் 7இன் படம் காட்டும் கருவி மட்டும் இந்தச் சோதனைக்கு உதவாது. அது நல்ல ஜிஃப்பையும் நிறுத்தியே காட்டும். பழைய கணினிகள் இன்னும் உழைக்கும் ஆய்வுகூடங்களில் இதை நினைவில் வைப்பது நல்லது.

கோப்பு சரியென்று தெரிந்தபின் வரும் வினா, செய்நிரலுக்கு அந்தக் கோப்பு அகப்படுகிறதா என்பது. இங்கே தேயிலை பற்றிய திட்டத்துக்கென்றே அமைந்ததுபோன்ற ஒரு கண்ணி உண்டு. பைதனில் மேற்கோளுக்குள் பின்சாய்கோட்டை அடுத்து வரும் ஆங்கிலச் சிறிய ‘டி’ எழுத்து தத்தல் இடைவெளியைக் குறிக்கும். சிறிய ‘என்’ எழுத்து புதிய வரியைக் குறிக்கும். தேயிலைக்குரிய ஆங்கிலச் சொல்லைக் கோப்புறைக்கும், நுவரெலியாவின் பெயரை ஆங்கிலத்தில் கோப்புக்கும் சிறிய எழுத்துகளில் வைத்த மாணவர், விண்டோஸ் பாதையை அப்படியே நகலெடுத்து ஒட்டினால் இரண்டு கண்ணியிலும் ஒரே நேரத்தில் கால் வைக்கிறார். கண்ணுக்குப் பாதை சரியாகவே தெரியும். பைதனுக்கோ அதில் ஓர் இடைவெளியும் ஒரு வரி முறிவும் இருக்கும். அப்படியொரு கோப்பு உலகில் எங்கும் இராது. விண்டோஸின் பயனர் கோப்புறையிலிருந்து பாதையை எடுத்தால் நிலைமை இன்னும் விசித்திரம். பின்சாய்கோட்டை அடுத்த ஆங்கிலப் பெரிய ‘யு’ எழுத்தை யூனிகோடு குறியீட்டின் தொடக்கமாகப் பைதன் எடுத்துக்கொண்டு, செய்நிரலை ஓட்டவே மறுத்துவிடும். மேற்கோளுக்கு முன் ‘ஆர்’ எழுத்தை இட்டாலும், பின்சாய்கோடுகளை முன்சாய்கோடுகளாக மாற்றினாலும் இரண்டும் தீரும்.

முழுப் பாதை எழுதாமல் கோப்பின் பெயரை மட்டும் எழுதுவோருக்கு வேறொரு சிக்கல். பெயரை மட்டும் கொடுத்தால், செய்நிரல் எந்தக் கோப்புறையிலிருந்து ஓட்டப்படுகிறதோ அங்கேதான் தேடல் நடக்கும். பைதனோடு வரும் ஐடில் செயலியில் ஓட்டினால் செய்நிரல் இருக்கும் கோப்புறையே நடப்புக் கோப்புறையாகிவிடுவதால் படம் கிடைக்கிறது. அதே செய்நிரலை விஷுவல் ஸ்டுடியோ கோட் போன்ற செயலியில் ஓட்டினால், அங்கே திறந்து வைத்திருக்கும் கோப்புறை வேறாக இருக்கும்போது படம் காணாமல் போகிறது. வீட்டில் ஓடிய செய்நிரல் பாடசாலையில் ஓடவில்லை என்ற முறைப்பாட்டுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். செய்நிரல் கோப்பு இருக்கும் இடத்தைச் செய்நிரலே அறிந்து, அங்கிருந்து படத்தின் பாதையைக் கட்டும்படி எழுதுவதே நிலையான பரிகாரம். வலைப்பக்கங்களில் இதற்கு நிகரான சிக்கல் ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்து வேறுபாடு. விண்டோஸ் அதைப் பொருட்படுத்துவதில்லை. லினக்ஸ் வழங்கிகள் பொருட்படுத்தும். சொந்தக் கணினியில் தெரிந்த படம் இணையத்தில் ஏற்றியதும் உடைந்த சின்னமாக நிற்பது இதனால்தான்.

பாதையும் சரி. வழுச்செய்தி எதுவும் இல்லை. ஆனால் படம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் சாம்பல் நிறம். டிகின்டர் பழகுவோரை மிக நீண்ட நேரம் அலைக்கழிக்கும் வழு இதுவாகத்தான் இருக்கவேண்டும். பைதன், யாரும் பெயர் சொல்லி வைத்திராத பொருளை நினைவகத்திலிருந்து அகற்றிவிடும். சார்பு ஒன்றுக்குள் படத்தை ஏற்றி, சிட்டையில் பொருத்தினால், சார்பு முடிந்ததும் அந்தப் படத்தைத் தாங்கிய உள்மாறியும் மறைகிறது. சிட்டை படத்தின் பெயரை மட்டுமே வைத்திருக்கிறது. படத்தைப் பிடித்து வைத்திருப்பதில்லை. படம் போய்விடுகிறது, சிட்டை வெறுமையாகிறது, பைதன் எதுவும் சொல்வதில்லை. இதில் ஒரு கொடுமையும் உண்டு. எல்லாவற்றையும் சார்புகளுக்கு வெளியே கொட்டி எழுதிய ஒழுங்கற்ற செய்நிரலில் படம் நன்றாகத் தெரியும். அதைச் சார்புகளாகப் பிரித்து ஒழுங்காக்கு என்ற நல்ல அறிவுரையைக் கேட்டு மாற்றி எழுதியதும் மறைந்துவிடும். கெட்ட பழக்கத்துக்குப் பரிசும் நல்ல பழக்கத்துக்குத் தண்டனையும் கிடைத்தால் மாணவர் எதைக் கற்றுக்கொள்வார்? படத்தைச் சிட்டையின் பண்பாகவோ, செய்நிரல் முடியும்வரை வாழும் பட்டியலொன்றிலோ சேர்த்து வைத்தால் போதும். அசைபடத்துக்குப் பட்டியல் எப்படியும் தேவை. எல்லாச் சட்டகங்களையும் தொடக்கத்திலேயே அதில் ஏற்றிவிட்டால் இரண்டு வேலை ஒன்றாக முடிகிறது.

சட்டகங்களை ஏற்றும் முறை கருவிக்குக் கருவி வேறுபடும். டிகின்டரின் படப்பொருள், எதுவும் சொல்லாவிட்டால் முதல் சட்டகத்தை மட்டும் எடுக்கும். வடிவத்தோடு சட்டக எண்ணையும் குறிப்பிட்டால் அந்தச் சட்டகத்தைத் தரும். எண்ணிக்கை பூச்சியத்தில் தொடங்குகிறது. இருப்பதைவிட ஒன்று கூடுதலாகக் கேட்டால் வழு எழும். அந்த வழுவையே கடைசிச் சட்டகம் தாண்டிவிட்டதற்கான அடையாளமாகப் பயன்படுத்துவோரும் உண்டு. பைகேமின் வழக்கமான படமேற்றும் சார்பும் முதல் சட்டகத்தோடு நிற்கும். ஜாவாவில் படச்சின்னமாக ஏற்றினால் அசையும். படத்தை வாசிக்கும் சார்பால் ஏற்றினால் அசையாது. ஒரே மொழிக்குள் இரண்டு வழிகளில் ஒன்று மட்டும் அசைவைத் தருவதால், மாதிரிகளைக் கலந்து நகலெடுப்போர் குழம்புகின்றனர். ஸ்க்ராட்ச் இவை எல்லாவற்றிலும் இரக்கமுள்ளது. ஜிஃப் கோப்பை ஏற்றினால் சட்டகங்களைத் தனித்தனி உடைகளாகப் பிரித்துத் தந்துவிடும். தாமதக் குறிப்புகளை மட்டும் கைவிட்டுவிடும். அடுத்த உடைக்கு மாறும் கட்டையோடு காத்திருக்கும் கட்டையையும் மாணவர் சேர்க்கவேண்டும். அதை மறந்தால் கொழுந்து பறிக்கும் கை கண்ணுக்கே தெரியாத வேகத்தில் அடித்துக்கொள்ளும்.

சட்டகங்கள் வந்துவிட்டன; ஆனால் அரைகுறையாக வருகின்றன என்பது அடுத்த வகைக் கோளாறு. பறிக்கும் காட்சியில் மலையும் வானமும் கூடையும் மாறுவதில்லை. கை மட்டும்தான் அசைகிறது. கோப்பைச் சிறிதாக்கும் கருவிகள் முதல் சட்டகத்தை முழுமையாகவும், அடுத்தடுத்த சட்டகங்களில் மாறிய சிறு செவ்வகத்தை மட்டுமாகவும் சேமிக்கும். முந்தைய சட்டகத்தின்மேல் இதை வைத்துக் காட்டவேண்டும், அல்லது முந்தையதைத் துடைத்துவிட்டுக் காட்டவேண்டும் என்ற குறிப்பும் கோப்பிலேயே இருக்கும். உலாவி அந்தக் குறிப்பைப் பின்பற்றுகிறது. டிகின்டரில் தனிச் சட்டகமாகக் கேட்டால் அந்தச் சிறு துண்டு மட்டுமே கிடைக்கிறது. திரையில் ஒருகணம் முழு மலை, மறுகணம் வெறும் வெளியில் மிதக்கும் ஒரு கை. துடைக்கவேண்டியதைத் துடைக்காமல் மேலே மேலே வரைந்தால் எதிர்மாறாக நடக்கும். பழைய கைகளின் நிழல்கள் எல்லாம் திரையில் ஒட்டிக்கொண்டு, பத்துக் கையோடு ஒருவர் கொழுந்து பறிப்பார். பைதனுக்கான பில்லோ படநூலகம் சட்டகங்களைச் சேர்த்து முழுப் படமாக்கித் தருவதால் அதன்வழி ஏற்றுவது எளிய தீர்வு. இல்லையெனில் அசைபடத் தொகுப்புக் கருவியொன்றில் கோப்பைத் திறந்து, உகப்பாக்கத்தை நீக்கி, எல்லாச் சட்டகங்களையும் முழுச் சட்டகமாகச் சேமித்துக்கொள்ளலாம். கோப்பு பருக்கும், பாடசாலைத் திட்டத்துக்கு அது பெரிய விடயமல்ல.

நிறம் பற்றியும் ஒரு சொல். ஜிஃப் ஒரு சட்டகத்தில் 256 நிறங்களுக்குமேல் தாங்காது. ஒளிபுகும் தன்மையும் ஆம் அல்லது இல்லை என்ற இரண்டு நிலைதான், பாதி ஒளிபுகும் நிலை கிடையாது. கார்ட்டூன் வரைவுக்கு இது போதும். மலைமேல் பனிமூட்டம் இறங்கும் ஒளிப்படத்துக்கு அறவே போதாது. வெள்ளைக்கும் சாம்பலுக்கும் இடையிலான நுண்ணிய மாற்றங்கள் பட்டை பட்டையாக உடையும். வெட்டியெடுத்த உருவங்களைச் சுற்றி வெண்ணிற ஓரம் தெரியும். செய்நிரலில் இதற்குத் தீர்வு தேடுவது வீண்வேலை. குறை கோப்பின் வகையில் இருக்கிறது. முழு நிறத்தோடு அசையும் ஏபிஎன்ஜி, வெப்பி ஆகிய வடிவங்கள் உண்டு. உலாவிகளில் அவை நன்றாக ஓடும். டிகின்டருக்கு ஏபிஎன்ஜி கோப்பைக் கொடுத்தால் அதைச் சாதாரண பிஎன்ஜி என்று எண்ணி முதல் படத்தோடு நின்றுவிடும்.

இனிக் கடிகாரம். சட்டகங்கள் பட்டியலில் இருக்கின்றன. ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டவேண்டும். தொடக்கநிலை மாணவர் இயல்பாக எழுதுவது இதுதான்: ஒரு சுழற்சி, அதற்குள் படத்தை மாற்று, சற்றுத் தூங்கு, மறுபடி மாற்று. ஸ்க்ராட்சில் இப்படித்தான் பழகியிருக்கிறார், அங்கே சரியாகவும் ஓடியது. டிகின்டரில் ஓடாது. அங்கே திரையில் வரைவதும், பொத்தான் அழுத்தப்பட்டதை அறிவதும், சாளரத்தை நகர்த்துவதும் ஒரே முதன்மைச் சுழற்சியின் பொறுப்பு. மாணவரின் சுழற்சி தூங்கும்போது அந்த முதன்மைச் சுழற்சியும் சேர்ந்து தூங்குகிறது. படம் மாற்றப்பட்டது உண்மை. ஆனால் வரைவதற்கு யாரும் வரவில்லை. சில விநாடிகள் கழித்து விண்டோஸ், சாளரம் பதிலளிக்கவில்லை என்று தலைப்பில் எழுதிவிடும். சுழற்சி முடிந்தபின் கடைசிச் சட்டகம் மட்டும் சட்டென்று தோன்றும். படம் அசையாமல் கடைசி நிலைக்குத் தாவுகிறது என்றால் தேடவேண்டியது தூங்கச் சொல்லும் வரியைத்தான்.

டிகின்டர் இதற்குத் தரும் வழி, இத்தனை மில்லிவிநாடி கழித்து இந்தச் சார்பைக் கூப்பிடு என்று முதன்மைச் சுழற்சியிடம் ஒப்படைப்பது. சார்பு ஒரு சட்டகத்தைக் காட்டும், அடுத்த அழைப்பைப் பதிவு செய்யும், உடனே விலகிவிடும். இடையில் சுழற்சி தன் மற்ற வேலைகளைப் பார்க்கும். அழகான ஏற்பாடு. ஆனால் இதிலும் ஒரு சிறு அடைப்புக்குறி ஆளைக் கவிழ்க்கும். சார்பின் பெயரை மட்டும் ஒப்படைக்கவேண்டிய இடத்தில், பெயரோடு அடைப்புக்குறிகளையும் எழுதிவிட்டால் அது ஒப்படைப்பதாகாது, அப்போதே கூப்பிடுவதாகிவிடும். சார்பு தன்னைத் தானே காத்திருக்காமல் கூப்பிட்டுக்கொண்டே போய், ஆயிரம் அடுக்கு ஆழத்தில் பைதன் கையைத் தூக்கிவிடும். மீள்அழைப்பு ஆழம் மிஞ்சிவிட்டது என்ற வழுச்செய்தியை அசைபடத் திட்டத்தில் கண்டால் இந்த அடைப்புக்குறியைத் தேடலாம்.

பொத்தானை அழுத்த அழுத்த வேகம் கூடுவது இன்னொரு பழகிய கோளாறு. அழுத்தும் ஒவ்வொரு முறையும் புதிய அழைப்புத் தொடரொன்று தொடங்குகிறது, பழையது நிற்பதில்லை. மூன்று தடவை அழுத்தினால் மூன்று கடிகாரங்கள் ஒரே படத்தை மாற்றிக்கொண்டிருக்கும். ஏழு காட்சித் தேயிலைத் திட்டத்தில் இது இன்னும் வேடிக்கையாக வெளிப்படும்: அரைக்கும் காட்சிக்கு வந்தபின்னும் இடையிடையே மடுவத்தின் தராசு தலைகாட்டும். புதிய காட்சியைத் தொடங்குமுன் பழைய அழைப்பை ரத்துச் செய்யவேண்டும். அதற்கு, அழைப்பைப் பதிவு செய்தபோது கிடைத்த அடையாளத்தை மாறியொன்றில் வைத்திருக்கவேண்டும். பெரும்பாலான மாதிரிச் செய்நிரல்கள் அந்த அடையாளத்தை வாங்காமல் விட்டுவிடுகின்றன.

வேகம் முற்றிலும் பொருந்தாமல் இருந்தால் அலகுகளைப் பார்க்கவேண்டும். ஜிஃப் கோப்புக்குள் தாமதம் விநாடியின் நூறில் ஒரு பங்காக எழுதப்பட்டிருக்கிறது. பில்லோ அதை மில்லிவிநாடியாக மாற்றித் தருகிறது. டிகின்டர் கேட்பதும் மில்லிவிநாடிதான். பைதனின் தூங்கும் சார்போ விநாடியில் கணக்கிடும். கோப்பில் 8 என்றிருப்பது 80 மில்லிவிநாடி, அதாவது 0.08 விநாடி. 8ஐயும் 80ஐயும் எங்கே மாற்றிக் கொடுத்தாலும் வழுச்செய்தி வராது. படம் பத்து மடங்கு வேகமாகவோ, ஒரு சட்டகத்துக்கு 80 விநாடியாகவோ ஓடும். பின்னதை ஓடவில்லை என்றே எவரும் முடிவு செய்வர். தாமதம் 0 அல்லது 1 என்று குறித்த கோப்புகள் ஏராளம். உலாவிகள் அவற்றை நம்பாமல் விநாடிக்குப் பத்துச் சட்டகம் என்று தாமே முடிவு செய்துகொள்ளும். அதே எண்ணை எடுத்துச் சொந்தச் செய்நிரலில் இட்டால் படம் வெறிபிடித்து ஓடும். உலாவியின் இந்த ஓசையில்லாத திருத்தத்தை அறியாதவருக்கு அது விளங்காத மர்மமாகவே இருக்கும்.

ஒரு சுற்றோடு நிற்பதற்கும் இரண்டு வேர்கள். உலாவியில் நின்றால், கோப்பில் நெட்ஸ்கேப் நீட்சி இல்லை அல்லது அதில் சுற்றுகளின் எண்ணிக்கை குறிக்கப்பட்டிருக்கிறது. அசைபடத் தொகுப்புக் கருவியில் முடிவிலாச் சுற்றாக மாற்றிச் சேமிக்கவேண்டும். சொந்தச் செய்நிரலில் நின்றால், சட்டக எண் பட்டியலின் முடிவைத் தாண்டிவிட்டது. மொத்த எண்ணிக்கையால் வகுத்த மீதியை எடுத்தால் எண் தானாகப் பூச்சியத்துக்குத் திரும்பும்.

பைகேமில் கடிகாரம் வேறுவிதமாகக் குழப்பும். விநாடிக்கு 60 தடவை திரையைப் புதுப்பிக்கும் சுழற்சியில், ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் ஒரு சட்டகம் மாற்றினால், விநாடிக்குப் பன்னிரண்டு சட்டகத்துக்கென வரைந்த படம் ஐந்து மடங்கு வேகத்தில் ஓடும். திரைப் புதுப்பிப்பும் சட்டக மாற்றமும் தனித்தனிக் கணக்கில் இருக்கவேண்டும். கடந்த நேரத்தைக் கூட்டிவந்து, சட்டகத்தின் தாமதத்தை அது எட்டியபோது மட்டும் மாற்றுவது வழக்கம். பழைய படத்தைத் துடைக்காமல் வரைவது, வரைந்தபின் திரையைப் புதுப்பிக்க மறப்பது, நிகழ்வுகளை வாசிக்காததால் சாளரம் உறைவது ஆகியவையும் இங்கே அடிக்கடி காணப்படும்.

கணினி வேகத்தை நம்பிக் கடிகாரம் கட்டுவதன் விளைவுக்குச் சாதாரண தரத்தின் பஸ்காலிலேயே ஒரு பழைய சான்று உண்டு. டேர்போ பஸ்காலின் திரைக் கூறு, தாமதச் சார்புக்காக, கணினி குறித்த நேரத்தில் எத்தனை தடவை சுழல்கிறது என்று தொடக்கத்தில் அளந்து பார்க்கும். 1990களின் பிற்பகுதியில் வந்த வேகமான செயலிகளில் அந்த அளவீடு எல்லை மீறி, பூச்சியத்தால் வகுத்தலுக்குரிய 200ஆம் எண் வழுவோடு செய்நிரல் தொடங்கும்போதே செத்துப்போனது. மாணவர் எழுதிய வரியொன்றும் அப்போது ஓடியிருக்காது. கணினி மெதுவாக இருந்ததால் அல்ல, வேகமாகிவிட்டதால் வந்த கோளாறு.

நினைவகத்தைப் பொறுத்தவரை, வட்டில் கோப்பு சிறிதாக இருப்பது ஏமாற்றும். 800க்கு 600 அளவுள்ள சட்டகமொன்று ஏற்றப்பட்டதும் புள்ளிக்கு நான்கு பைட் வீதம் 19 இலட்சத்து 20 ஆயிரம் பைட் எடுத்துக்கொள்ளும். 60 சட்டகம் என்றால் ஏறத்தாழ 115 மெகாபைட். ஏழு காட்சிகளையும் தொடக்கத்திலேயே ஏற்றினால் 800 மெகாபைட்டை எட்டும். 4 கிகாபைட் நினைவகத்தோடு உலாவியும் திறந்திருக்கும் கணினியில் அது கனம்தான். அளவை 400க்கு 300 ஆக்கினால் தேவை நான்கில் ஒன்றாகக் குறையும். காட்சி மாறும்போது முந்தைய பட்டியலை விட்டுவிட்டால் இன்னும் இலகு. மாறாக, நினைவகத்தைச் சேமிப்பதாக எண்ணி ஒவ்வொரு சட்டகத்துக்கும் வட்டிலிருந்து கோப்பைத் திறப்பதும், ஒவ்வொரு தடவையும் புதிய சிட்டையை உருவாக்கி அடுக்குவதும் படத்தை மினுங்கவைத்து, நேரம் போகப் போகச் செய்நிரலை மந்தமாக்கும். சிட்டை ஒன்றே போதும். அதில் மாறவேண்டியது படம் மட்டும்.

கடைசியில் இடமாற்றம். மாணவரின் கணினியில் ஓடிய திட்டம், மதிப்பீடு நடக்கும் கணினிக்குப் பென்டிரைவில் போகிறது. அங்கே பில்லோ நிறுவப்பட்டிருக்காது. நிறுவ இணையம் வேண்டும், அது அந்த நேரத்தில் கிடைக்கவேண்டும். படங்கள் வேறு கோப்புறையில் தங்கிப்போயிருக்கும். ஒற்றைச் செயலிக் கோப்பாகக் கட்டியிருந்தால், அது ஓடும்போது தன் உள்ளடக்கத்தைத் தற்காலிகக் கோப்புறையொன்றில் விரிப்பதால், பழைய பாதைகள் பொருந்தாது. பில்லோவைத் தவிர்க்க ஒரு நேரான வழி உண்டு. வீட்டிலேயே ஒவ்வொரு அசைபடத்தையும் எண்ணிட்ட தனித்தனி பிஎன்ஜி கோப்புகளாகப் பிரித்து, காட்சிக்கொரு கோப்புறையாகச் செய்நிரலின் பக்கத்தில் வைத்துவிடலாம். டிகின்டருக்கு அடித்தளமான டிகேயின் 8.6 பதிப்பிலிருந்து அது பிஎன்ஜியை எந்தத் துணையும் இல்லாமல் வாசிக்கிறது. முழுச் சட்டகம் கிடைக்கிறது, மூலப் படத்தில் முழு நிறமும் பாதி ஒளிபுகும் தன்மையும் இருந்தால் அவையும் கெடாமல் வருகின்றன; தாமதத்தை மட்டும் செய்நிரலில் எழுதிக்கொள்ளவேண்டும். எண்ணிடும்போது 1, 2, 10 என்று எழுதாமல் 01, 02, 10 என்று எழுதினால், பெயர் வரிசையில் வாசிக்கும்போது பத்தாம் சட்டகம் இரண்டாம் சட்டகத்துக்கு முன்னே வந்து நிற்காது.